பெயின்ட் அடித்து மறைத்த தண்ணீர்க் கோடு

ஒரு பெண்ணிடம் பொய் சொல்லி என் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டேன். அந்தப் பொய்க்கு வேண்டிய பெயின்டையும் முன்கூட்டியே நானே வாங்கி வந்தேன்.

நான் குடியிருப்பது கிழக்குத் தாம்பரம். வாடகைக்கு விடும் வீடு பள்ளிக்கரணையில். அதன் கீழே, பாதி மண்ணுக்குள் இறங்கிய கீழ்த்தளம் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்தபோது நான்கு சுவரிலும் பழுப்பாகக் கோடு விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் சமையலறைக்கு முன் இந்தக் கோட்டைத்தான் தேடுவார்கள். வீட்டுக்காரர்களும் ஆள் வருவதற்கு முன் அதன்மேல் பெயின்ட் அடித்துவிடுவார்கள். நானும் அடித்தேன்.

தையல் யூனிட் வைக்க இடம் தேடி அந்தப் பெண் வந்தார். நான்கு மெஷின், அவரோடு மூன்று பெண்கள். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக்கு யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மழைக்குத் தண்ணி வருமா சார்?"

"இதுவரைக்கும் வந்ததில்லம்மா."

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான்; நான் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? அடுத்த ஞாயிறு, காலி இடத்துக்கு நல்ல ஆளைக் கர்த்தர் அனுப்பினார் என்று சர்ச்சில் சபை முன் எழுந்து சாட்சியும் சொன்னேன்.

ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே புகுந்தது. மெஷின்களின் மோட்டாரும் தைத்து அடுக்கிய சட்டைகளும் சேற்றில் ஊறின. நான் போனபோது அவர் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தார். ஆர்டர் தாமதமாகுமாம்; இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகத் தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு என்னையே தேற்றினார்: "நீங்க என்ன சார் பண்ணுவீங்க? மழை அப்படி."

அதை என்னால் தாங்க முடியவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும்மா. இங்க தண்ணி நின்ன கோடு இருந்துச்சு. பெயின்ட் அடிச்சு மறைச்சேன்."

அவர் அலசிக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். கூட இருந்தவர்களில் மூத்தவர்தான் எழுந்தார். "இன்னா சார், சொவத்துக்கு மேக்கப் போட்டு எங்க தலையில கட்டிட்டியா? வாத்தியாராம் வாத்தியார்!"

"அக்கா, சும்மா இருங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "காலி பண்ணிட்டுப் போயிடலாம் சார். போற எடத்துலயும் யாராவது பெயின்ட் அடிச்சுதான் வெச்சிருப்பாங்க. இங்கயே தண்ணி வராம செஞ்சு குடுக்க முடியுமா?"

செய்தேன். மெஷின்களைப் பழுது பார்த்துக் கொடுத்தேன். வாசலை மறித்து இரண்டடிச் சுவர், மூலையில் ஊறும் நீருக்கு ஒரு குழி, அதை வெளியேற்ற ஒரு மோட்டார். பிளக் எல்லாவற்றையும் தலை உயரத்துக்கு ஏற்றச் சொன்னது அந்த அக்காதான். சபையிலும் மறுபடி எழுந்து, போன தடவை சொன்ன சாட்சியில் விட்டுப்போன பெயின்ட் கதையைச் சொன்னேன். வெளியே வந்தபோது, வீடு வாடகைக்கு விடும் இரண்டு மூன்று பேர் என்னோடு கைகுலுக்காமல் நழுவினார்கள்.

அடுத்த மழை இன்னும் பலமாகப் பெய்தது. காலையில் கிளம்பினேன், பஸ் மேடவாக்கத்தோடு நின்றுவிட, பேன்ட்டை மடித்துவிட்டு நடந்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டை நெருங்கியதும் மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது, நான்கு மெஷினும் ஓடும் சத்தம். கரன்ட் போயிருந்த ஒரு மணி நேரம் குழியிலிருந்து வாளியால் இறைத்துக் கொட்டினார்களாம்.

இரண்டடிச் சுவரைத் தாண்டிக் கால் வைக்கப் போனேன்.

"இந்தா சார்! காலைத் தொடச்சிகினு உள்ள வா. தரையை ஈரம் பண்ணாத!" என்று அக்கா அதட்டினார்.

கீழ்த்தளத்திலேயே நனைந்திருந்தது நான் மட்டும்தான். எனக்குச் சிரிப்பு பொங்கியது.

மதியம் சட்டைக்கட்டுகளை பிளாஸ்டிக் உறையில் போட்டார்கள். வேன் தெருவுக்குள் வர முடியாது. மெயின் ரோடு வரை தலையில் சுமந்துதான் போக வேண்டும். மன்னித்துவிட்டதாக அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. ஒரு சட்டைக்கட்டை எடுத்து என் தலையில் வைத்து, "விழுந்துடாதீங்க சார்" என்றார். ஐந்து பேரும் வரிசையாகத் தண்ணீரில் இறங்கினோம். ஒரு சட்டைகூட நனையாமல், சொன்ன நாளில் சரக்கு போய்ச் சேர்ந்தது.