அப்பாவின் தங்க வாட்ச்சும் ஒரு ஜோடிக் கம்மலும்

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆவணி மாதம். எங்கள் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. காதுகுத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்து முடித்திருந்தோம். நான் வாழ்க்கைப்பட்டது மானாம்பதியில், பிறந்த வீடு மாகறல் பக்கம். விசேஷத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது உத்திரமேரூர் கடைத்தெருவில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் பதறும். பயத்தில் இல்லை, கோபத்தில்.

முதலில் அந்த வாட்ச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் கார் ஓட்டினார். வேலையை விட்டு நின்ற அன்று, முதலாளி தன் கையில் இருந்த தங்க வாட்ச்சைக் கழற்றி அப்பா கையில் கட்டிவிட்டாராம். வெளிநாட்டு வாட்ச், சாவி கொடுக்கிற மாதிரி. கல்யாணம் காட்சிக்குத்தான் அப்பா அதைக் கட்டுவார். ஆனால் சாவி மட்டும் தினமும் கொடுப்பார். நாங்கள் தொட்டால் முதுகில் ஒன்று விழும்.

அப்பா போன பிறகு அண்ணன் நிலத்துப் பத்திரத்தை நீட்டினார். எனக்குப் பங்கு வேண்டாம் என்று மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் அப்படித்தான் போடுவார்கள். பதிலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் தவறாமல் வரும் என்று ஒரு நம்பிக்கை. ஆண் வாரிசு என்று வாட்ச்சும் அண்ணனுக்கே போனது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை விற்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. அண்ணன் சரி என்று தலையாட்டினார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருடைய வாட்ச்சுக்கு வார் மாற்ற பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த வாட்ச் கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு எங்கள் அப்பாவை நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்ததும், வந்த வேலையைக்கூடக் கேட்காமல் பேச ஆரம்பித்தார்.

"உங்க அண்ணன் போன வாரம் அப்பா வாட்ச்ச எடுத்துக்கினு வந்தாரும்மா. நல்ல மிஷினு, இன்னும் சூப்பரா ஓடிக்கினு கீது. மெட்ராஸ்ல இந்த மாதிரி பழசுன்னா ஆசையா வாங்கறவங்க கீறாங்க, ரெண்டு மாசம் டைம் குடு, நல்ல வெலைக்கு வித்துத் தரேன்னேன். அவ்ளோ நாளு இல்ல பாய்னுட்டாரு. இப்பதான் பத்தர் கடைக்குள்ள போறாரு. உருக்கிடுவாங்கம்மா. எனக்கே பேஜாரா கீது."

விற்பதா, உருக்குவதா என்று ஊரெல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள், கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை இல்லை! வாரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடினேன். வழியில் செருப்பு அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே பத்தர் கடைப் படியேறினேன். பார்த்தவர்கள் யாரையோ அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உள்ளே அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்சின் தங்கக் கூடு தனியாகத் தட்டில் கிடந்தது. உரைகல்லில் ஒரு மஞ்சள் கோடு. கூட்டை இழந்த மிஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா செத்து ரெண்டு வருசம் ஆவல, அதுக்குள்ள பிரிச்சி வச்சிக்கினு குந்திக்கினு கீறியா? இத்த உருக்கி என் பொண்ணு காதுல மாட்டிட்டு, தாய்மாமன் போட்டதுன்னு பேர் வாங்கிக்கப் போறியா? வெக்கமா இல்ல உனுக்கு?"

நான் பேசியதில் இது கொஞ்சம்தான். சொன்ன மற்றதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" என்று நான் கத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"இன்னான்னு கேக்கறது? ஏரி வத்தி, நெல்லு மொத்தமும் காஞ்சி போச்சு. சீரு வாங்கிக்கிறவ கிட்டயே வந்து, சீரு வைக்க வக்கில்லன்னு சொல்லச் சொல்றியா பாப்பா?"

அண்ணி சட்டென்று முந்தானையை இழுத்துக் காதை மூடினாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். கம்மல் இருக்கவேண்டிய இடத்தில் வேப்பங்குச்சி. கம்மல் எப்போதோ அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. அத்தோடு என் கோபம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. "நீயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று அவள் மேலும் பாய்ந்தேன்.

பத்தர் பொறுமை இழந்துவிட்டார். "இன்னாம்மா பண்றது? திருப்பி மாட்டிக் குடுத்துடவா, உருக்கிடவா? அடுப்பு எரிஞ்சிக்கினு கீது" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. நாள் குறித்த அன்று, என் வீட்டுக்காரரின் அக்கா எல்லார் முன்னாலும், "தாய்மாமன் இன்னா போடறான்?" என்று கேட்டாள். அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல், "ஒரு சவரன்" என்று பெருமையாகச் சொன்னவள் நான். அந்தச் செய்தி போய்த்தான் அண்ணன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். விசேஷத்தை ஐப்பசிக்குத் தள்ளி வையுங்கள் என்று நான் சொன்னால் போதும். பாய் வாட்ச்சை வாட்ச்சாகவே நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்திருப்பார். யார் கையிலாவது அது ஓடிக்கொண்டிருக்கும். அண்ணி கம்மலும் மீண்டு வந்திருக்கும். ஆனால் பத்திரிகை அடித்தாயிற்றே, நாத்தனார் என்ன பேசுவாளோ என்று எனக்கு உதறல் எடுத்தது. விற்கக் கூடாது, அழிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்ன நான்தான் சொன்னேன்.

"உருக்கிடுங்க."

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வெளிநாட்டுத் தங்கம், மாற்றுக் குறைவு. சுத்தம் செய்ததில் அரை சவரன்கூட முழுசாகத் தேறவில்லை. விசேஷத்தன்று என் பெண் மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதாள். நாத்தனார் தட்டிலிருந்த கம்மலை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "ஒரு சவரன்னு சொன்னியே, இவ்ளோதானா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். அண்ணன் தலை குனிந்தது. எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ.

"வைங்க கீழ! அது எங்கப்பா கையில இருந்த தங்கம். எடை பாக்கறதுன்னா உங்க நகைய எடுத்துக்கினு போயி கடையில பாருங்க."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. போகட்டும், எனக்கும் பேசத் தோன்றவில்லை.

அண்ணன் அந்தப் பத்தர் கடை விஷயத்தை அப்புறம் ஒருநாளும் எடுத்ததில்லை. பொங்கல் சீர் மட்டும் வருஷம் தவறாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மன்னித்துவிடு என்று சொல்லப் பல தடவை வாயெடுத்திருக்கிறேன், காப்பி சாப்பிடுறியா என்றுதான் வந்திருக்கிறது. நாள் குறித்த அன்றே கேட்க வேண்டிய நாத்தனாரைக் கேட்காமல் கூடத்தில் பல்லைக் காட்டிவிட்டு, திருப்பிப் பேசமாட்டார் என்று தெரிந்த அண்ணனிடம் போய்க் கத்தினேனே, அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வருகிற கோபம் இன்றுவரை ஆறவில்லை.