ஞானேஸ்வரி அக்கா சேர்த்த ஒரு கட்டம்

கண்டியில் எங்கள் ஆட்களுக்குக் கடுதாசி வேலை என்று வந்தால் ஞானேஸ்வரி அக்காவிடம்தான் போவார்கள். சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. அதற்குள் மூன்று தட்டச்சு யந்திரங்கள்: தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று, இங்கிலீசுக்கு ஒன்று. மூன்றுக்கும் நடுவில் சுழலும் கதிரையில் அக்கா. ஓய்வூதிய மனு, இடமாற்ற மனு, தொலைந்துபோன அடையாள அட்டையின் கதை, பொலிஸ் பதிவு எல்லாம் அங்கேதான் உருவாகும். வந்த ஆள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நடந்தது நடந்தபடி அடிக்கவா, இல்ல வேலை ஆகுற மாதிரி அடிக்கவா?" என்று கேட்பார். பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் கேட்டார்கள்.

அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. யாராவது துழாவினால், "யாரும் ஒழுங்கா விண்ணப்பிக்கல" என்று முடித்துவிடுவார். நான் கீழே சப்பாத்துக் கடையில் செருப்பு விற்றேன். பகல் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான். அதனால் தொண்ணூற்றொன்பதில் என் கல்யாணம் நிச்சயமானபோது, யாரும் கேட்காமலே அக்கா அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் சின்னக் கல்யாணம். எங்கள் பக்கம் முப்பது பேர், மாப்பிள்ளை பக்கம் வவுனியாவிலிருந்து இருபத்தைந்து பேர். ஆனால் பிரச்சினை சின்னதாக இல்லை. அதன் பெயர் மயில்வாகனம் மாமா.

மாமா அம்மாவின் அண்ணன். எனக்கு மூன்று வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், பல்வலிக்கு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றதும், நான் பரீட்சையில் கோட்டை விட்டபோது அம்மாவுக்குத் தெரியாமல் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் மாமாதான். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் மாலை போட்டுப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். அந்தக் கையைப் பிடிக்காமல் நான் மணவறைக்குப் போவதாக இல்லை.

ஆனால் மாமா வருவதாக இல்லை. காரணம், பாட்டு.

எண்பத்து மூன்றில் தெல்தெனியவில் மாமாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கலவரக்காரர்கள் தெருவுக்குள் வந்தபோது கடை ரேடியோவில் தமிழ்ப் பாட்டு போய்க்கொண்டிருந்ததாம். அதை நிறுத்தியிருந்தால் கடை தப்பியிருக்கும் என்று மாமா பதினாறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் ரேடியோவே இல்லாத கடைகளும்தான் எரிந்தன. அதைச் சொல்லிப் பார்த்தோம், ஏறவில்லை. பிறகு கண்டிச் சந்தையில் அவர் போட்ட சின்னக் கடையிலும் ரேடியோ இருந்தது. செய்தி கேட்க வேண்டுமென்றால் ரேடியோவோடு காதை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"கோயில்ல சத்தமில்லாம தாலியக் கட்டிட்டு வந்துருங்க" என்றார் மாமா. "தலதா மாளிகைப் பக்கம் குண்டு வெடிச்சு ரெண்டு வருஷம் ஆகல. தெருவுக்குத் தெரு சோதனை. இதுல டீஜே ஒன்னு கேடா?"

நானும் சும்மா இருந்திருக்கலாம். "எல்லாத்தையும் சத்தமில்லாமத்தான் செஞ்சோம் மாமா. இது ஒன்னாவது சத்தமா இருக்கட்டுமே" என்றேன். மாமா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு மாதம் பேசவில்லை. தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறினார். எனக்கு அழுகை வரும், கூடவே கோபமும் வரும்.

"மாமாவ நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா. "மொதல்ல மண்டபம்."

கோயில் மண்டபம் ஆறு மாதத்துக்கு நிறைந்திருந்தது. வாவிக்கரை ஹோட்டல்காரர் எங்கள் பெயர்களைக் கேட்டதும் திகதி இல்லை என்றார். திகதியைச் சொல்லும் முன்பே இல்லை என்றதுதான் அழகு. கடைசியில் அக்கா என்னை அம்பிட்டியவுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். ஆஸியா உம்மா என்பவரின் வீட்டு மேல்மாடி அது. வெளிச்சமான மண்டபம், கீழே சமைக்கப் பெரிய குசினி. ஒரே குறை, வாசலுக்கு இருபது அடி தள்ளிப் பொலிஸ் காவலரண். மண் மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று துப்பாக்கிகள்.

"அக்கா, இதுல எப்படி?" என்றேன்.

"வேற எடம்னா பொலிஸ் எப்ப வருமோன்னு பயந்துகிட்டே சாப்பிடணும். இங்க அந்தக் கவலையே இல்ல, வந்தாச்சு."

ஆஸியா உம்மா சிரித்தார். "அந்தப் பொடியன்மாரு நல்ல புள்ளையள் மகள். பசிச்சா மட்டும் கோவம் வரும். இனிப்பா வட்டிலப்பம் ஒரு தட்டு கூடச் செஞ்சாப் போதும்."

அடுத்தது டீஜே. அக்கா நேர்முகப் பரீட்சையே வைத்தார். அக்காவின் அறைக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவரிடமும் ஒரே கேள்விதான்: "பாட்டு நடக்கும்போது பொலிஸ் வந்து நிறுத்தச் சொன்னா என்ன செய்வீங்க?"

முதல் ஆள் கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டு, தனக்குப் பெரிய இடத்தில் ஆள் இருக்கிறது என்றார். அக்கா அவரைத் தேத்தண்ணி கூடக் கொடுக்காமல் அனுப்பினார். இரண்டாவது ஆள், முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்றார். மூன்றாவது ஆள் செல்லச்சாமி. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துப் பிறப்பு, மாநகரசபையில் தெருவிளக்குப் பிரிவில் வேலை, சனி ஞாயிறுகளில் டீஜே செல்லா.

"நிறுத்தச் சொல்ற அளவுக்கு விடமாட்டேங்க" என்றான். "மொத நாளே போய் சார்ஜன்டுக்குப் புடிச்ச பாட்டு எதுன்னு கேட்டு வச்சிருவேன். அவரு தலை தெரிஞ்சா அதுதான் ஓடும்."

"கரண்ட் போனா?"

"போற கரண்ட் நான் வேலை பாக்குற எடத்துலருந்துதாங்க போகும்."

அக்கா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

பிறகு பட்டியல். ஒலிபெருக்கி அனுமதிக்கும், வெளிமாவட்ட ஆட்கள் வந்து தங்குவதற்கும் பொலிஸில் விருந்தாளிகளின் பெயர்ப்பட்டியல் கொடுக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம். அக்கா அதைச் சிங்களத்தில் அழகாக அடித்துக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் ஒரு கொன்ஸ்டபிள் மாமாவின் கடைக்குப் போய், "மயில்வாகனம் நீர்தானா? இந்தக் கல்யாணத்துக்குப் பொறுப்பாளர் நீர்தானா?" என்று விசாரித்திருக்கிறான். பட்டியலின் தலையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் மாமாவின் பெயரையும் அட்டை இலக்கத்தையும் அக்கா அடித்திருந்தார். வருஷா வருஷம் மாமாவின் பொலிஸ் பதிவுக் கடிதத்தை அடிப்பவருக்கு இலக்கம் தெரியாதா?

அன்று பகல் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படியில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா என்னை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் தள்ளினார். சோற்றுக் கையோடு தூசிக்குள் நின்றேன்.

"என்னையக் கேக்காம என் பேர எப்படிப் போட்ட?" மாமாவின் குரல். கோபம் கால்வாசி, பயம் முக்கால்வாசி.

"யாராவது ஒரு ஆம்பள பேரு வேணும். தாய்மாமன் இருக்கையில வேற யாரைப் போட?"

"எடுத்துடு. இப்பவே எடு."

"எடுத்துடலாம். அதுக்கு ஒரு கடுதாசி குடுக்கணும். இருங்க." அக்கா தமிழ் யந்திரத்தில் தாளைச் செருகினார். சடசடவென்று அடித்தார். பிறகு, கோர்ட்டில் வாசிப்பதுபோல வாசித்தார்: "செல்வி இராஜேஸ்வரி என்பவர் எனக்கு எவ்வித உறவினரும் அல்லர் என்றும், அவரது திருமணத்துடன் எனக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்றும் இத்தால் உறுதியளிக்கிறேன்." தாளை நீட்டினார். "இதுல கையெழுத்துப் போடுங்க, பேரு போயிரும்."

மாமா தாளைப் பிடுங்கினார். அவர் போட்டுவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. அக்காவின் தலைமயிரைப் பிடித்து ஆட்ட வேண்டும் போலிருந்தது.

"இவ எனக்கு ஒறவில்லேன்னு நீ எப்படி அடிப்ப?"

"ரெண்டு மாசமா நீங்க நடந்துக்கிறதத்தான் அடிச்சேன். பிழை இருந்தா சொல்லுங்க, திருத்துறேன்."

தாள் கசங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பட்டியலோட கொப்பிய எடு" என்றார் மாமா. பேனா கீறியது. குனிந்து அக்காவிடம் என்னவோ மெல்லச் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அக்கா சிங்கள யந்திரத்தில் புதுத்தாள் செருகினார். அடித்துக் கொடுத்ததில் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் கிடந்த என் செருப்பைக் காலால் ஓரமாக்கிக்கொண்டு சொன்னார்: "அலுமாரிக்குப் பின்னால நிக்கிறவகிட்ட சொல்லு. பாட்டு போடட்டும். ஆனா சத்தம் என் கையில."

சொன்னதைச் செய்தார். கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கே வந்து, செல்லச்சாமியின் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. தேத்தண்ணியை இடது கையால் குடித்தார். ஒலிபெருக்கிக்கு அருகில் இருந்தவர்களே என்ன பாட்டு என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். செல்லச்சாமியின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பத்து மணிக்கு சார்ஜன்ட் படியேறி வந்தார். வவுனியா ஆட்கள் அடையாள அட்டையை எடுக்க ஆரம்பித்தார்கள். சார்ஜன்ட் பட்டியலைப் பார்த்து, பொறுப்பாளர் யார் என்று கேட்டார். மாமா எழுந்தார், கை மட்டும் திருகிலேயே இருந்தது.

"பாட்டுப் போட அனுமதி எடுத்தீர்கள்தானே?" என்றார் சார்ஜன்ட் சிங்களத்தில். "காலையிலிருந்து கீழே பையன்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே பாட்டு?"

"ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சேர்" என்றார் மாமா.

சார்ஜன்ட் குனிந்து ஒலிபெருக்கியில் காதை வைத்துப் பார்த்தார். மண்டபமே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. வட்டிலப்பத் தட்டோடு சார்ஜன்ட் கீழே இறங்கிப் போனார்.

அப்போது ஐயர் மாமனைக் கூப்பிட்டார். மாலைக்கு இரண்டு கையும் வேண்டும். மாமா திருகைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாமா கையை எடுத்தார்.

மாலை என் கழுத்தில் விழுந்ததும் செல்லச்சாமி காத்திருந்த காரியத்தைச் செய்தான். பாட்டு மண்டபத்தை நிறைத்துக்கொண்டு அம்பிட்டிய மலைக்கே கேட்கப் போனது. மாமாவின் விரல்கள் என் கையை இறுக்கின. நடு வழியில் நின்றுவிட்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. காவலரணில் யாரோ தாளத்துக்கு விசிலடித்தார்கள். மாமா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நட" என்றார் என்னிடம். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அந்தத் திருகின் பக்கம் போகவும் இல்லை.

அதற்கடுத்த மாதம் ஒருவர் தன் மகளின் கல்யாணப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடிவந்தார். பொறுப்பாளர் கட்டம் இல்லையென்று அம்பிட்டிய காவலரணில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அக்காவுக்கு முகம் ஒரு மாதிரிப் போனது. பொலிஸ் அப்படி ஒரு கட்டத்தை என்றைக்கும் கேட்டதில்லை. என் மாமாவுக்காக அக்கா தானே வரைந்த கட்டம் அது. பார்க்க நன்றாக இருந்ததால் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நாட்டில் சண்டை முடியும்வரை அந்தப் பக்கத்துக் கல்யாணம், சாமத்தியச் சடங்கு எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டார். அக்கா எல்லாருக்கும் இலவசமாக அடித்துக் கொடுத்தார்.

நான் வவுனியாவிலிருந்து முதல் தடவை வந்தபோது, அக்கா மேசை லாச்சியிலிருந்து பழைய பட்டியலை எடுத்துக் காட்டினார். கட்டத்துக்குள் மணமகளுக்கு உறவு என்ற இடத்தில் தாய்மாமன் என்று அடித்திருந்தது. அதைப் பேனாவால் ஒரே கோடாக வெட்டி, மேலே மாமாவின் கையெழுத்தில், சிங்களத்தில், தகப்பன் என்று எழுதியிருந்தது.

"பொலிஸுக்குப் பொய்த் தகவல் குடுத்தா உள்ள போடுவாங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றார் அக்கா. "அதுக்குள்ள அவரே மெல்லச் சொல்லிட்டாரு, வேலை ஆகுற மாதிரி அடிக்க வேணாம் ஞானேஸ்வரி, நடந்தது நடந்தபடி அடின்னு."