இருநூறாவது பிரதி

செய்தி வந்தபோது வண்டி தவறான இடத்தில் நின்றிருந்தது.

தெல்தெனிய பஸ் நிலையத்துக்கு எதிரே. நல்ல நிழல், அகலமான இடம். பதில் சாரதி பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஒரு மணி நேரமாகியும் புத்தகம் எடுக்க ஒருவரும் வரவில்லை. நடமாடும் நூலகத்தின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, திகதி முத்திரையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கதிரேசன் அண்ணை நாளைக்கு லீவு முடிந்து வந்ததும் இதைச் சொல்ல வேண்டும், அவர் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. தெல்தோட்டையில் தம் வீட்டில், காலைத் தேநீரைக் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்த அண்ணை எழும்பவில்லை.

முத்திரையைக் கீழே வைத்தேன். அதன் பிறகும் வெகுநேரம் யாரும் வரவில்லை.

*

அறியாதவர்களுக்காக: ப. கதிரேசன், நடமாடும் நூலக வண்டியின் சாரதி. கண்டியைச் சுற்றியுள்ள சிறிய பட்டினங்களுக்குப் பதினெட்டு வருடங்களாக அந்த வண்டியை ஓட்டியவர். "வண்டி நிற்கும் இடங்கள்" என்ற அறுபத்துநான்கு பக்கச் சிறு நூலின் ஆசிரியர். அவருடைய வண்டியில் நான் கடைசி ஆறு வருடங்கள் நூலக உதவியாளர்.

அறிந்தவர்களுக்காக ஒரு விஷயம் இந்தக் கட்டுரையின் இறுதியில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

*

முதல் நாள். பேராதனையில் படித்து முடித்த கையோடு வந்திருந்தேன். என்னிடம் ஒரு வரைபடம் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று மணிக்கூட்டுக் கோபுரம், பிரதேச அலுவலகம், சந்தை என்று சிவப்புப் பேனையால் குறித்திருந்தேன். அவர் அதை வாங்கி, மரியாதையாகப் பார்த்து, மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு தம் இஷ்டப்படி நிறுத்தினார்.

தெல்தெனியவில் ஆஸ்பத்திரி வீதி வளைவு. ஏன் என்று கேட்டேன்.

"இங்கதான் மிஸ் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. நம்பர் துண்டு எடுக்க, மருந்து எடுக்க, உள்ள இருக்கிறவங்கள பாக்க. காத்துக்கிட்டு இருக்கிற ஆளுக்குத்தான் புத்தகம்."

அன்று முப்பத்தொரு பேர் வந்தார்கள். வரைபடம் என் பையில் கிடந்தது.

ஊரின் நடு எது என்பதுதான் அவருடைய கேள்வி. ஒவ்வொரு ஊருக்கும் அதையே கேட்டார். தெல்தெனியவின் பழைய கடைவீதி நீர்த்தேக்கத்துக்குள் போனது. ஊரை மேலே கொண்டுவந்து நேர்த் தெருக்கள் போட்டார்கள். நடுவில் பஸ் நிலையம் கட்டினார்கள். ஆனால் ஊரின் நடு அங்கே தங்கவில்லை, தானாக நடந்து ஆஸ்பத்திரி வளைவுக்குப் போய்விட்டது என்பார். தெல்தோட்டையில் அது கிழமைக்குக் கிழமை மாறும்: வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசல், சம்பளம் கிடைத்த அடுத்த ஞாயிறு புடைவைக் கடைப் பக்கம். அங்கே ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒருவர், எல்லாருக்கும் நானா, புத்தகம் ஒன்றும் எடுக்காமல் வண்டியின் படியில் வந்து நிற்பார். "எங்கட வாப்பாட கடைய எழுதினீங்களா?" அவருக்குத் தெரிய வேண்டியது அது மட்டும்தான். எழுதியாகிவிட்டது, மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது என்று அண்ணை ஒவ்வொரு முறையும் சொல்வார். நானா திருப்தியோடு போய்விடுவார். மறுமாதமும் கேட்பார்.

*

எழுதுகிறார் என்பதே எனக்கு நாலைந்து மாதம் தெரியாது. சாரதிகள் நிரப்பும் ஓட்டப் பதிவேட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ரன்னிங் சாட். அதன் பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருந்தார். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், மைல் கணக்கு. பின்பக்கத்தில் வத்துகாமத்தின் பேக்கரிகள்.

அரசர்கள் இருந்ததால் கண்டிக்கு வரலாறு உண்டு. கிராமங்களைப் பாட ஆட்கள் உண்டு. நடுவில் இருக்கிற பத்துக் கடையும் ஒரு தபால் கந்தோரும் கொண்ட இடத்துக்கு யார் இருக்கிறார்கள்? இது என் வாக்கியம். அவர் இப்படியெல்லாம் பேச மாட்டார். "எல்லாரும் இறங்கி ஏறுற எடம் மிஸ். யாரும் பாக்கிறதில்ல" என்பார்.

மதிய இடைவேளைகளில் அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அவருடைய வாக்கியங்கள் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும். நான் வெட்டினேன். பல்கலைக்கழகத்தில் சுருக்கமே அழகு என்று கற்றிருந்தேன்.

முதல் அத்தியாயத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: "மலை நல்லா தெரியுது. ரோட்டத்தான் காணோம்."

பாதி வாக்கியங்களைத் திரும்பப் போட்டேன்.

*

மடுல்கெல்ல அத்தியாயத்தில் அவர் எழுதியிருந்தது இது: வளைவில் மாரியாயி என்ற பெண் ஒரு தேநீர்க்கடை போட்டார், கடை இருந்ததால் பஸ் அங்கே நிற்கத் தொடங்கியது, பஸ் நின்றதால் மற்றக் கடைகள் வந்தன.

அதாவது ஒரு கேத்தல் சுடுநீரில் ஒரு கடைவீதி.

எனக்கு அது கதை மாதிரி இருந்தது. சான்று தேடினேன். பழைய கடை அனுமதிப்பத்திரம் ஒன்றின் பிரதி கிடைத்தது. அதில் இருந்த பெயர் அருணாசலம். மாரியாயியின் கணவர். மாரியாயி இருந்த இடத்தில் அருணாசலம் என்று மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்கு அது ஒரு மாற்றம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அச்சுக்குப் போகுமுன் அவர் கடைசிப் பார்வை பார்க்கவில்லை. "நீங்க பாத்தா போதும்" என்றார்.

இருநூறு பிரதிகள் அச்சிட்டோம். வண்டி நிற்கும் இடங்களில் எல்லாம் கொடுத்தோம். யாருக்கு எந்தப் பிரதி என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார்.

மூன்றாம் மாதம் மடுல்கெல்லவில் பார்வதி அக்கா வண்டிக்கு வந்தார். மாரியாயியின் மகள். இப்போது அந்தத் தேநீர்க்கடையை நடத்துபவர். நூலை மேசையில் வைத்தார்.

"இத நீங்களே வச்சுக்கங்க அண்ணே. பேத்தி பள்ளிக்கூடத்துல வாசிச்சிட்டு வந்து கேக்குது, பூட்டன் போட்ட கடையான்னு. எங்கப்பாவுக்கு சுடுதண்ணி வைக்கவே தெரியாது."

கோபம் இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கதிரேசன் அண்ணை பக்கத்தைத் திருப்பி வாசித்தார். மறுபடி வாசித்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. "பிழை நடந்துபோச்சு தங்கச்சி. நான்தான். எல்லாத்தையும் திருத்திடறேன்" என்றார்.

வண்டி பன்வில வரை வந்துவிட்டது. பிறகு நான் அனுமதிப்பத்திரம், ஆதாரம் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கியரை மாற்றினார்.

"லைசன்ஸ் எடுத்த ஆளு வேற, அடுப்பு மூட்டின ஆளு வேற மிஸ். அந்தக் காலத்துல கந்தோருக்குப் போயி கையெழுத்து வைக்க அவரு போயிருப்பாரு. அவ்வளவுதான்."

"பார்வதி அக்காவிட்டை நான் சொல்லுறன், என்ர பிழை எண்டு."

"அட்டையில யாரு பேரு இருக்கு?"

அட்டையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

"வண்டி மோதினா சாரதிதான் பதில் சொல்லணும். பக்கத்துல இருக்கிறவங்க இல்ல."

*

திருத்தத் துண்டு அச்சிட்டு ஒட்டலாம் என்றேன். மடுல்கெல்ல மழைக்கு ஒட்டினது ஒரு மாதம் நிற்காது என்றார். அவருக்குத் தெரிந்தது ரன்னிங் சாட்டின் சட்டம். அதில் எதையும் அழிக்கக் கூடாது. பிழையின் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக. மேலே சரியானது. பக்கத்தில் திருத்தியவரின் முதலெழுத்துகள்.

அப்படியே செய்தார். அருணாசலம் மேல் ஒரு கோடு. மாரியாயி. ப.க.

இரண்டு வருடங்கள். பாடசாலை நூலகங்கள், முடிதிருத்தும் கடைகள், கோயில் அலுவலகம், ஒரு பிக்குவின் அறை. பிக்கு தமிழ் வாசிக்கத் தெரியாதவர், அட்டைப்படத்துக்காக வாங்கி வைத்திருந்தார், அதையும் திருத்தினோம். தோஹாவுக்கு வேலைக்குப் போன ஒருவரோடு ஒரு பிரதி போயிருந்தது. அவர் தாமே திருத்திப் படம் அனுப்புவதாகச் சொன்னார். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. விடுமுறையில் வரும்போது கொண்டுவரச் சொல்லி, கலஹா சந்தியில் காத்திருந்து கையெழுத்து வைத்தார்.

நான் ஒருமுறை பேனையை எடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் கையெழுத்து டாக்டர் எழுத்து மாதிரி இருக்கிறதாம்.

உண்மையைச் சொன்னால் அவை நல்ல வருடங்கள். ஒரு பெயரைத் திருத்தப் போன இடத்தில் பத்துக் கதைகள் கிடைத்தன. "இத ஏன் முதல்ல சொல்லல்ல?" என்று அவர் கேட்பார். "நீங்க கேக்கல்லையே" என்பார்கள். நூலின் ஓரங்கள் நிறைந்துகொண்டே வந்தன. பிழை இல்லாவிட்டால் நாங்கள் திரும்பிப் போயிருக்க மாட்டோம்.

நூற்றுத்தொண்ணூற்றொன்பது முடிந்தது. பட்டியலில் 'வீட்டுக்கு ஆறு' என்று இருந்தது. ஐந்துதான் கிடைத்தன. ஆறாவதை மாத்தளையில் இருக்கும் மைத்துனர்தான் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுபோனார் என்று அவருக்கு உறுதி. மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். மூன்றாம் முறை மைத்துனர், "மச்சான், ஒங்க புத்தகத்த திருடுற அளவுக்கு நான் படிச்சவன் இல்ல" என்று வைத்துவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் தேடுவதை நிறுத்தவில்லை. கடைசியாக லீவில் போன நாளும் சொன்னார்: "இருநூறும் முடிஞ்சாத்தான் மிஸ் பார்வதிக்கிட்ட போயி டீ கேக்கலாம்."

அந்த இரண்டு வருடமும் அவர் மடுல்கெல்ல வளைவில் தேநீர் குடிக்கவில்லை. வண்டியை நிறுத்துவார். கடைக்குள் போக மாட்டார்.

*

அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டுக்குப் போனேன். தெல்தோட்டைச் சரிவில் சிறிய வீடு. தரையும் கொஞ்சம் சரிவு. பார்வதி அக்கா வந்திருந்தார், இரண்டு பஸ் மாறி. குசினியில் நின்று எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கதிரேசன் அண்ணையின் மனைவி லெட்சுமி அக்கா அலுமாரியைத் திறந்து அவருடைய சட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தார். திறந்த கதவு தானாக மூடவில்லை, ஆடவும் இல்லை. அந்தத் தரையில் அது எப்படி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கீழே விழுந்த பொத்தான் ஒன்றை எடுக்கக் குனிந்தபோதுதான் கண்டேன்.

அலுமாரியின் ஒரு காலின் கீழ் "வண்டி நிற்கும் இடங்கள்".

லெட்சுமி அக்காவுக்கு என் முகம் விளங்கவில்லை. "அதுவா? அலுமாரி ஆடிக்கிட்டே இருந்திச்சு. அளவா இருந்திச்சின்னு வச்சேன். ஏன் மிஸ்?"

அவர் இதைத்தான் தேடினார் என்றேன்.

"என்கிட்ட கேக்கவே இல்லையே" என்றார் அவர். பிறகு அழுதார், அழுகைக்கு நடுவில் சிரித்தார். சாவுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

அலுமாரியை இருவர் தூக்க, நூலை எடுத்தேன். அட்டையில் காலின் வட்டத் தடம். நாற்பத்திரண்டாம் பக்கம் சுத்தமாக இருந்தது. அருணாசலம், கோடில்லாமல்.

பார்வதி அக்கா குசினி வாசலில் வந்து நின்றார்.

பேனையை எடுத்தேன். ஒரு கோடு. மாரியாயி. பக்கத்தில் ப.க. என்று எழுதக் கை போயிற்று. அவர் அப்படித்தான் விரும்பியிருப்பார். கை அந்த இடத்தில் நின்றது. பிறகு என்னுடைய முதலெழுத்துகளை எழுதினேன். நூலைப் பார்வதி அக்காவிடம் நீட்டினேன்.

அவர் தூரப் பிடித்து வாசித்தார். "இது அண்ணன் எழுத்து இல்லையே."

"என்ர எழுத்து அக்கா. முதல்ல மாத்தினதும் நான்தான். அவர் சரியாத்தான் எழுதினவர்."

"தெரியும்" என்றார். "எங்கம்மா இருக்கையில இருந்து எங்க கடையில டீ குடிச்சவரு. யாரு ஊத்தினான்னு தெரியாமலா எழுதுவாரு? அவரா சொல்லட்டும்னு இருந்தேன். மனுசன் சொல்லவே இல்ல."

நூலைத் திருப்பித் தந்தார். கொஞ்சம் யோசித்து, "எழுத்துதான் நல்லா இல்ல" என்றார்.

எனக்கு ஒரு பிளேன்டீ கொடுத்தார். அண்ணையின் படத்துக்கு முன்னால் இன்னொன்றை வைத்தார், சீனி தூக்கலாக. அவர் அப்படித்தான் குடிப்பாராம். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

*

நூலை அலுவலகத்துக்குக் கொண்டுபோக நினைத்தேன். பட்டியலில் கடைசிக் கோட்டைப் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று. லெட்சுமி அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அலுமாரி ஆடுது மிஸ்."

நாங்கள் மூன்று பேர் அலுமாரியைத் தூக்கினோம். இருநூறாவது பிரதியைப் பழைய தடத்திலேயே பொருந்த வைத்தேன். கதவு அசையாமல் நின்றது. அறுபத்துநான்கு பக்கம், சரியான அளவு.

போய் வாங்கோ, அண்ணை. வருகிற செவ்வாய்க்கிழமை தெல்தெனிய. பதில் சாரதியிடம் சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரி வளைவில் நிறுத்தச் சொல்லி. நிழல் இல்லையே என்றார். ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன்.