வசவு என்று நான் சொன்னது

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது பிள்ளை எங்கள் தாராவிச் சந்தில் நாலு வீடு தள்ளி இருப்பவளுடையது. அவள் செம்பூரில் மாத்திரை அடைக்கும் வேலைக்குப் போய்வந்த ஆறு வருஷமும் அவன் என் வீட்டில்தான் கிடந்தான். என் கடைசிப் பையனும் அவனும் ஒரே கிண்ணத்தில் சோறு தின்றார்கள். காய்ச்சல் வந்தால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது அவனைப் பற்றியது. அதில் நான் செய்தது நல்ல காரியம் இல்லை.

அவனுடைய அம்மாவும் நானும் அண்ணி முறைக்கு ஒருவரையொருவர் மைனி என்றுதான் கூப்பிட்டோம். ஏழு வருஷத்துக்கு முன்னால் அது நின்றுபோயிற்று. எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒரு நாள் சங்கீதம் வாசிக்கிற முறை எனக்கு வந்தது. எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஐம்பது வயதுக்கு மேல் மாதா கோயில் வகுப்பில் உட்கார்ந்து கற்றது. கையெழுத்துப் போடுவேன், பஸ் பலகையை எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன். ஆனால் அந்தச் சங்கீதம் மனப்பாடம். புத்தகத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அவள், "மைனி, புத்தகம் தலகீழா இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்தார்.

புத்தகம் தலைகீழாகத்தான் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் அதை விழுங்க முடியவில்லை. அன்றோடு பேச்சை விட்டேன். அவன் கப்பலில் இஞ்சின் பழுதுபார்க்கிற பிட்டர் வேலைக்குப் போனான் என்று ஊரார் சொல்லித்தான் தெரியும். விடுமுறையில் வந்தவன் வாசலில் நின்று கூப்பிட்டபோதுகூட அடுக்களையில் வேலை இருப்பதுபோல் இருந்துகொண்டேன்.

இனி என் பேத்தியின் வேலையைச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலுக்கு மேல்மாடியில், இணையத்தில் தமிழில் செய்தி போடுகிற சின்ன ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. உலகச் செய்திகளுக்குக் கீழே ஆட்கள் எழுதுகிற கருத்துகள் ஆயிரக்கணக்கில் வரும். அவற்றை மனிதர் வாசித்து முடியாது. ஏஐ என்று அவள் சொல்கிற மிஷின் வாசித்துப் பிரிக்கும். சண்டை வேண்டாம் என்பவர்கள் ஒரு குவியல், அமெரிக்காவைக் குறை சொல்பவர்கள் ஒன்று, பெட்ரோல் விலை ஒன்று, அங்கே மாட்டிக்கொண்டு உதவி கேட்பவர்கள் ஒன்று. கடைசியில் வசவு. வசவில் விழுந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. மற்ற குவியல்களைப் பார்த்து ஆசிரியர் வாரம் ஒரு கட்டுரை எழுதுவார்.

மிஷினுக்குச் சந்தேகம் வந்தால் தனியாக எடுத்து வைக்கும். அதைப் பார்ப்பதுதான் பேத்தியின் வேலை. அவள் பேசுகிற தமிழ் சரி. எழுத்தில் பார்த்தால் தடுமாறுவாள். வேலைக்கு எடுக்கும்போது, வீட்டில் நன்றாகத் தமிழ் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார்களாம். உண்டு என்றாளாம். அது நான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒவ்வொன்றாக வாசிப்பாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வேன்.

ஒருவர் எந்த நாட்டுச் சண்டைக்குக் கீழேயும் ஒன்றே எழுதுவார்: டோம்பிவிலி ரயிலில் கால் வைக்க இடமில்லை, இதில் உலக யுத்தம் ஒரு கேடா என்று. மிஷின் அதைச் சண்டை வேண்டாம் என்பதில் போட்டிருந்தது.

"அவருக்குச் சண்டையப் பத்தி என்ன கவல? ஒக்கார இடம் கேக்காருளா" என்றேன்.

இன்னொருவர், உங்கள் சமாதானம் ரொம்பப் பிரமாதம், நீடூழி வாழ்க என்று எழுதியிருந்தார். மிஷின் பாராட்டு என்றது. கிண்டல் என்றேன். ஆபீசில் என் பேர் பரவிற்று. மிஷினுக்கே பாடம் சொல்கிற ஆச்சி என்று ஆசிரியர் காப்பித்தூள் பொட்டலம் ஒன்று கொடுத்துவிட்டார். நான் அதைத் தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், டோம்பிவிலியில் இருக்கும் மகளுக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

அப்படி இருக்கையில் ஒரு நாள். வளைகுடாப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்தது. பெரிய தலைவர்கள் மேசை போட்டுப் பேசினார்கள் என்று செய்தி. அதன் கீழே வந்த ஒன்றைப் பேத்தி சிரித்துக்கொண்டே வாசித்தாள். போனில் பேசினால் போனே எழுதிக்கொள்ளுமே, அப்படி எழுதியது. புள்ளி கிடையாது, நிறுத்தம் கிடையாது.

"ஏ பெரிய மனுசங்களா கை குலுக்குதியளே அந்தக் கையில புழு வைக்கட்டும் எம்புள்ள கப்பல்ல கெடக்கான் மொதலாளி விட்டுட்டு ஓடிட்டான் குடிக்கத் தண்ணி இல்ல கரையில எறங்க விடமாட்டுக்கானுவ ஏட்டி தண்ணி வந்துட்டு கொடத்த வை ஒருத்தனாவது கேட்டியளா ஒங்க வம்சம் வெளங்குமா ஒங்க அடுப்புல பூன கெடக்கட்டும் மாதா பாத்துக்கிட்டுதான் இருக்கா"

"கொடத்த வைக்கச் சொன்னதையும் போன் எழுதிருக்கு பாரு ஆச்சி" என்று சிரித்தாள். "மிஷினுக்குப் புரியல. வசவா இருக்கலாம், ஹெல்ப் கேக்கதாவும் இருக்கலாம், ஆளு பாக்கணும்னு போட்டிருக்கு. நீ சொல்லு."

எனக்கு உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் கையில் நின்றது. காலை ஆறு மணிக்கு வந்தது என்று மேலே போட்டிருந்ததையும் அவள் வாசித்திருந்தாள். எங்கள் சந்தில் அந்த நேரத்துக்குத்தான் தண்ணீர் வரும். மாதா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லித் திட்டை முடிக்கிறவள் எங்கள் சந்தில் ஒருத்திதான். அவன் அப்படிக் கிடக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கெஞ்சத் தெரியாது. வயிறு எரிந்தால் திட்டத்தான் தெரியும். என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது நானும் டாக்டரை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினேன். எப்படியாவது காப்பாற்று என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். அந்த டாக்டருக்கு அது புரிந்தது, கோபப்படவில்லை. இந்த மிஷின் எந்த ஊரில் பிறந்ததோ, அதற்குக்கூடச் சந்தேகம் வந்து நின்றிருக்கிறது. நான் நிற்கவில்லை.

"வசவுதான். தூக்கிப் போடு" என்றேன்.

அவள் ஒரு தட்டுத் தட்டினாள். போயிற்று. அந்த நேரத்தில் என் மனதில் பிள்ளை இல்லை, புத்தகம்தான் இருந்தது. ஒரு நாள் கிடக்கட்டும், நாளைக்குச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவள் அடுத்த பட்டியலை எடுத்தாள். சொல்ல வேண்டுமானால், மிஷின் சந்தேகப்பட்டது சரி, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். பொட்டலம் வாங்கிய வாய்க்கு அது வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்த வாரக் கட்டுரையை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். கப்பலில் மாட்டிக்கொண்டவர்களுக்காக உதவி கேட்ட இரண்டு பேருடைய கருத்தை ஆசிரியர் மாலுமிகள் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் பதிலும் சொல்லியிருந்தார்கள். இரண்டும் நல்ல தமிழில், ஐயா அம்மா என்று எழுதியவை. மூன்றாவதாக அவனும் அதில் போயிருப்பான். நான் எழுந்துபோய்த் தேவையில்லாமல் அடுப்பைத் துடைத்தேன்.

மூன்று வாரம் ஓடிவிட்டது. குழாயடியில் எனக்கு இரண்டு குடம் முன்னால் அவன் அம்மா நின்றாள். கழுத்தெலும்பு தெரிந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற பூக்காரி, பிள்ளை பேசினானா என்று கேட்டாள்.

"பேசிப் பன்னெண்டு நாளாச்சுக்கா. போன்ல சார்ஜ் இல்லியோ, ஒடம்புல உசுரு இல்லியோ. அந்தச் செய்திக்காரனுவளுக்கும் போன்ல சொல்லி எழுதிப் போட்டேன். மறுநா பாத்தா அத எடுத்துட்டானுவ. நம்ம எழுத்து அவனுவளுக்குக் குப்ப."

என் முறை வந்து, குடம் நிறைந்து காலில் வழிந்தது தெரியவில்லை. பூக்காரிதான் குழாயை மூடினாள்.

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொன்னேன். அவள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவங்கன்னு அப்பறம்தான ஒனக்குத் தெரிஞ்சிது?"

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா வசவுன்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அரே ஆச்சி" என்றாள். "மிஷின் கேட்டுச்சே ஆச்சி. ஒன்கிட்டதான கேட்டுச்சு."

வசவுக் குவியலை ஒரு மாதம் வரை வைத்திருப்பார்களாம். தேடி எடுத்தாள். அடுப்புப் பூனையும் குடமும் அப்படியே இருந்தன. உதவிக் குவியலில் போட்டுவிட்டு, அதற்கும் பொறுக்காமல் ஆசிரியருக்கே போன் செய்தாள். அன்று சாயங்காலமே ஆபீஸ்காரர்கள் அவன் அம்மாவைப் போனில் கூப்பிட்டுக் கப்பல் விவரம் கேட்டார்கள். ஐந்தாம் நாள் சங்கத்துப் படகு ஒன்று தண்ணீரும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்தது. அவன் பேசினான். இன்னும் இறங்கவில்லை, காகித வேலை நடக்கிறது என்கிறார்கள். வயிற்றில் கல் வந்து, மூன்று வாரமாக மருந்து இல்லாமல் சுருண்டு கிடந்தானாம். அதே மூன்று வாரம்.

ஆபீசில் பேத்தி என் பேரைச் சொல்லவில்லை. எங்கள் மிஷின் தவறாகப் பிரித்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று அவர்கள் அவன் அம்மாவிடம் சொன்னார்களாம். அதையும் குழாயடியில்தான் கேட்டேன்.

"அந்த மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போவட்டும். அதப் பெத்தவன் கை வெளங்காமப் போவட்டும். எம்புள்ள தண்ணியில்லாமக் கெடந்த மாரி அதும் கரண்டு இல்லாமக் கெடக்கட்டும்" என்று அவள் சொல்ல, வரிசையே சிரித்தது. பூக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சிதான அதுக்குப் பாடம் நடத்துதிய? முதுகுல ரெண்டு போடப்பிடாதா?"

நானும் சிரித்தேன். சிரித்ததைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஏழு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிக்குடுங்க மைனி. நாம எப்பத் திட்டுவோம், எப்ப அழுவோம்னு அதுக்குச் சொல்லிக்குடுங்க. ஒங்கள விட்டா யாருக்குத் தெரியும்?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மிஷின் வாய் திறந்து நான் இல்லை என்று சொல்லாது. அது சொல்லாது என்று தெரிந்துதான் நான் பத்து நாளாகச் சும்மா இருந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் போனில் என்னிடமும் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறானாம். வீட்டுக்கு வரச்சொல்லி அவன் அம்மா ஆள் விட்டிருக்கிறாள். இதை உள்ளே வைத்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்க என்னால் ஆகாது. நேரில் சொல்லப் போனால் வாய் வேறு பக்கம் போய்விடும். என்னை எனக்குத் தெரியும். ஆகவே அவளைப் போலவே நானும் போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. காகிதத்தில் எடுத்துச் சனிக்கிழமையே அவள் கையில் கொடுத்துவிடுவேன். அவள் நன்றாக வாசிப்பாள். புத்தகத்தை நேராகப் பிடிக்கத் தெரிந்தவள்.

அதை வாசித்துவிட்டு என்னைத் திட்டுவாளோ, கதவைச் சாத்துவாளோ. திட்டினால் நல்லது. அதற்கு முன்னால் பேத்தி ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

"ஏளா, இங்க வா. எழுத்து எழுத்தாப் போனாலும் பரவால்ல, மொதல்லேருந்து வாசி. நான் தெரிஞ்சுதான் சொன்னேன்னு வருதா பாரு. போன் அத விட்டிருந்தா நீ எழுதிச் சேரு. வாசி, கேக்கேன்."