பத்தாம் நாளில் குறையத் தொடங்கிய பால்

ஒரு நாற்பது பக்க நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு நான்கு கட்டம்: நாள், நேரம், எத்தனை நிமிடம், எத்தனை மில்லி. ஊரில் பெய்யும் மழையைக்கூட அளந்து எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவள் நான். மகனுக்கு ஐந்து மாதம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, பம்பு வைத்து எடுத்த பாலையும் எழுதிவைத்ததில் வியப்பில்லை. நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் அலுவலகத்தில் வேலை. பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்தி முட்டுக்கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்கும் இரண்டரைக்கும் பால் எடுப்பேன். வெளியே தகடு அடிக்கும் சத்தத்தில் பம்பின் உறுமல் யாருக்கும் கேட்காது. முதல் வாரம் ஒரு தடவைக்கு நூற்றிருபது மில்லி வந்தது. பத்தாம் நாள், புதன்கிழமை, தொண்ணூறு. பதினைந்தாம் நாள், திங்கள், அறுபது. அந்த வார வெள்ளியன்று நாற்பத்தைந்து என்று எழுதிவிட்டு, எழுதியதை நம்பாமல் புட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன்.

கிடைத்ததையெல்லாம் படித்தேன். பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தேன், வெந்தயக் களி தின்றேன், பத்து நிமிடம் கூடுதலாகப் பம்பு வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், சப்பாவிட்டால் தானாகக் குறையும் என்று படித்த ஒரு வரி மட்டும் மனத்தில் தைத்துக்கொண்டது. ஏனென்றால் மாலையில் புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு ஓடினால், மகன் நாலு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். பசியில்லாத குழந்தையின் முகம் அது. விடுப்பில் இருந்தபோதே எடுத்து உறையவைத்திருந்த பாலையும் முந்தைய நாள் எடுத்த பாலையும் புட்டியில் கொடுத்து, பகலில் அவனைப் பார்த்துக்கொண்டவர் நங்கையா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். சேந்தமங்கலத்தில் தன் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களுக்காக வந்திருந்தார். வந்த முதல் வாரமே, யாரும் சொல்லாமல், பால் மாவு டப்பா ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்தவரும் அவர்தான். நான் வரத் தாமதமான ஒருநாள் அது திறக்கப்பட்டது.

"ஏனுங் நங்கையா, நான் வர்றதுக்கு முன்ன பொழுதோட இவனுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"நீ வெச்சுட்டுப் போனதத்தான் குடுத்தேன். பின்ன என்ன, கறியுஞ்சோறுமா போட்டேன்?"

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பும் எனக்குக் கணக்கில் உதைத்தது. அன்றிரவே டப்பாவைத் திறந்து, மாவைத் தட்டிச் சமன்செய்து, கரண்டிக் காம்பால் மேலே ஒரு பெருக்கல் குறி போட்டேன். நான்கு நாளும் குறி கலையவில்லை. அதனால் நான் நிம்மதி அடைந்தேன் என்று எழுதினால் பொய். மாவை எடுத்துவிட்டு அதே மாதிரி குறியை மறுபடி போட்டு வைத்திருப்பாரோ என்று நினைத்தேன். குறியின் கால்கள் முன்பைவிட நீளமோ என்றுகூட உற்றுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்படிக்குள் போனவள் அப்படியே நின்றேன். நங்கையா தொட்டியோரம் நின்று, என் பம்பின் சின்னஞ்சிறு ரப்பர் வால்வை, புளியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், பித்தளைச் சொம்பைத் தேய்ப்பதுபோல.

"நங்கையா! என்னங்க பண்றீங்க?"

"போர்த் தண்ணியில கொதிக்க வெச்சா வெள்ளையாப் படியுது கண்ணு. புள்ள வாய்க்குப் போற பாலு, உப்புப் படிஞ்சதுலயா புடிக்கறது? வந்த ரெண்டாம் நாள்லருந்து தெனமும் நீ புள்ளயத் தூங்கவெக்கப் போனப்பறம் புளி போட்டுத்தான் தேச்சு வெக்கறேன்."

வாங்கிப் பார்த்தேன். கிளியின் அலகுபோல மூடியிருக்க வேண்டிய அதன் வாய் விரிந்து, நுனியில் கிழிந்திருந்தது. பட்டறையில் வேலை பார்க்கிறவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். வாஷர் போனால் அழுத்தம் நிற்காது. பம்பு சரியாக இழுக்கவேயில்லை. இழுக்காததால் மிச்சப் பால் மாரிலேயே நின்று, நின்றதால் ஊற்றும் குறைந்திருக்கிறது. சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது. மெதுவாகச் சொன்னார்:

"நான் வேறொண்ணு நெனச்சேன் கண்ணு. நீ ஆபீசுலயே பாலப் பீச்சிக் கீழ ஊத்திட்டு வாறயோன்னு. தம்பிகிட்டக்கூடக் கேட்டேன்."

"நான் எதுக்குங்க ஊத்தறேன்?"

"பையத் தூக்கிட்டு பஸ்ஸுல அலையறது சலிச்சுப்போச்சோ என்னமோன்னுதான். மாவுல பெருக்கல் போட்டவதான நீ? நான் மட்டும் ஒண்ணும் நெனக்கப்படாதா?"

அவர்தான் முதலில் சிரித்தார்.

பெட்டியில் மாற்று வால்வு ஒன்று இருந்தது. திங்களன்று எழுபது மில்லி, செவ்வாயன்று எழுபத்தைந்து. பழைய அளவை அது பிறகு ஒருபோதும் தொடவில்லை. மீதியை மகன்தான் சப்பி மீட்டுத்தர வேண்டியிருந்தது. படித்த அந்த வரியை நங்கையாவிடம் சொன்னேன். 'உம்' என்றார், அவ்வளவுதான்.

புதன்கிழமை மாலை தெருமுனை திரும்பும்போதே மகனின் அழுகை கேட்டது. அடித்தொண்டையிலிருந்து வரும், விடாத அழுகை. பெருக்கல் குறிக்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். அந்தச் சொல்லாகவேதான் நினைத்தேன். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே போனேன். நங்கையா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. மேசையில் புட்டிப்பால் தொடாமல் இருந்தது.

"அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சுட்டான். எப்பவும் மனசு கேக்காம அப்பவே புட்டியக் குடுத்துருவேன். இன்னிக்குக் குடுக்கல. பசியோட இருந்தாத்தான உங்கிட்ட இழுத்துக் குடிப்பான்? வெசயாக் கையக் கழுவீட்டு வா சாமி, என்னால இதப் பாக்க முடியல."

இருபத்தைந்து நிமிடம் முகத்தைத் திருப்பாமல் குடித்தான். நங்கையா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். அவர் சேந்தமங்கலத்திலிருந்து வாரம் ஒருதரம் போனில் பேசுகிறார். அன்று தெருமுனையிலிருந்து வாசல்வரை அவரைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டு நடந்தேன் என்பதை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துவைத்திருப்பாரோ என்ற சந்தேகம் இன்னும் எனக்கு உண்டு.