சுதாவை யாரும் முந்தக் கூடாது

பல்வந்த்ஜி போய்விட்டார்.

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவர் மகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நேற்று வீட்டில் நெஞ்சு வலி வந்ததாம்... ரோடு வரை தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. கராஜில் காரை ஸ்டார்ட் பண்ணாமலே உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் உத்தராகண்டில் எங்களை மலைக்குக் கூட்டிப்போன கைடு அவர். ரோடு முடிந்து கொஞ்ச தூரத்தில் அவர் வீடு; அதற்கு மேல் ஊரும் கிடையாது, சிக்னலும் கிடையாது. காடு, ஆறு, பனி... அவ்வளவுதான்.

என் மனைவி சுதாவுக்குக் கீமோ முடிந்து, முடி வளர ஆரம்பித்திருந்த சமயம். டாக்டரே சரி என்ற பிறகும், "இந்த நிலைமைல மலை ஏறணுமா?" என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் என்னைத்தான் பிடித்து உலுக்கியது. அவள் அசையவில்லை. மேலே இருக்கும் அந்த ஏரியைப் பார்க்க வேண்டும்... அது ஒன்றுதான் கேட்டாள்.

பல்வந்த்ஜி முதல் நாளே அவளை வரிசையில் முன்னால் நிறுத்திவிட்டார். மெதுவாக நடப்பவர்தான் முதலில் போக வேண்டும், யாரும் முந்தக் கூடாது, அவர் கடைசியில் வருவார். அவருடைய ரூல் அது. தினமும் ஆபீஸுக்கு ஃப்ரீவேயில் லேன் மாற்றிக்கொண்டே போகிற எனக்குப் பெரிய தண்டனை.

சுதாவிடம் ஒரே ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டார். அவள் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் வரும். "மெதுவா... மெதுவா."

ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் மூடுபனி இறங்கியது. நான் போயே தீரணும் என்று வாக்குவாதம் பண்ணினேன்... அவர் சுதாவின் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்தார், எல்லோரையும் திருப்பிவிட்டார். அவள் அழுதுகொண்டே இறங்கினாள். அப்போதும் அவள்தான் முன்னால்.

கீழே வந்ததும் அவள் ஊன்றி நடந்த கம்பை வாங்கி, தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். திரும்ப வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்றார். வருகிற செப்டம்பருக்கு டிக்கெட் போட்டிருந்தோம்.

கம்பு அங்கேயேதான் இருக்கிறதாம். அவர் மகள் சொன்னாள்.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று சுதாவிடம் கேட்டேன்.

"எனக்கு முன்னாடி யாரும் போகக் கூடாதுன்னு சொன்னவரு... அவரே போயிட்டாரே," என்றாள். அப்புறம், "கேன்சல் பண்ணாதீங்க. வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

வருகிறோம் பல்வந்த்ஜி.

மெதுவா போங்க.