அம்மாவின் சாட்சியம்

பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறமாதிரி, எங்கள் குசினிக் குழாய்த் தண்ணீருக்குள் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஷெரில். சுடுதண்ணீர் வரப்போகிற பிள்ளையின் கையை அவித்துவிடுமோ என்று பார்க்கிறாளாம். பிறகு மருந்துப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா, புகைமணி அடிக்கிறதா என்று பார்த்தாள். பிறிட்ஜையும் விட்டுவைக்கவில்லை. நேற்றைய மீன்குழம்பை மணந்து பார்த்துவிட்டு "நைஸ்" என்று ஒரு பொய்யும் சொன்னாள். ஊரில் கலியாணம் முடித்துப் பத்து மாதத்தில் பிள்ளை பெறுகிறார்கள், ஒருவரும் வந்து தண்ணீரைச் சோதிப்பதில்லை. ரொறன்ரோவில் தத்தெடுக்கப் போனால், ஷெரில் மாதிரி ஒரு சமூகசேவையாளர் வந்து வீட்டை இப்படிச் சோதிப்பதற்கு ஹோம் ஸ்ரடி என்று பெயர்.

தத்தெடுக்கப் போகிறவர்கள் நானும் மாட்டினும். ஓம், நானும் ஆம்பிளைதான்; மாட்டின் என் கணவன், போர்த்துக்கேய வழிவந்த பிளம்பர். நகரத்தின் மில்லிக்கன் பக்கத்தில் ஆறு வருசமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை வாசிக்கிற அண்ணைமார் சிலர் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டக்கூடும். புரட்டுங்கோ, எனக்கொரு கோபமும் இல்லை.

"ஊரில எத்தினை பிள்ளையள் தாய் தேப்பன் இல்லாமல் நிக்குதுகள், அதில ஒண்டை எடுக்கலாமே" என்று கேட்டவர்களுக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஏலாது. வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன சட்டப்படி நானும் மாட்டினும் அங்கே இன்னும் குற்றவாளிகள். வேறு பல நாடுகளும் இரண்டு ஆண்களுக்குப் பிள்ளை கொடுப்பதில்லை. ஒன்ராறியோச் சட்டம் மட்டும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. மற்றத் தம்பதிகளுக்குள்ள அதே வகுப்பு, அதே பொலிஸ் றிப்போட், அதே டொக்ரர் கடிதம். தனியார் முகவரிடம் போனால், பெற்ற தாய் ஒருத்தி எங்களைத் தெரிவுசெய்யும்வரை காத்திருக்கவேணும். நாங்கள் அரச பராமரிப்பில் இருக்கிற பிள்ளை ஒன்றுக்கு எழுதிப்போட்டோம். மாட்டின் அன்றைக்கே மேல் அறைக்கு மஞ்சள் பெயின்ற் அடித்துவிட்டான். அந்த அறைக்குள் இரண்டு வருசமாக ஒருவரும் படுக்கவில்லை.

குடும்பத்தில் யார் உங்களுக்கு ஆதரவு என்று ஷெரில் கேட்டபோது, யோசிக்காமல் "அம்மா" என்றேன். அது பொய்யில்லை. அம்மா இதைப்பற்றி வாய் திறந்ததில்லைத்தான். ஆனால் நாங்கள் கலியாணம் எழுதிய அன்று இரண்டு ரின் பயத்தம் பணியாரம் அனுப்பிவைத்தார். அம்மா வீட்டுக்குப் போனால் எனக்கு முதல் மாட்டினுக்குத்தான் புட்டு விழும். இதைவிட என்ன சம்மதம் வேணும்?

ஷெரில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை லைனில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் எடுத்தாள். அடுத்த கிழமை வந்து, அம்மா சொன்னதை பைலில் பார்த்து வாசித்தாள். மகனும் அந்தப் பெடியனும் வாடகைக்காக ஒன்றாக இருக்கிறார்களாம். மகன் நல்ல பிள்ளையாம், வேறு ஒரு கதையும் இல்லையாம். மகனுக்குப் பொம்பிளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

பொம்பிளை! எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அம்மாவுக்குத் தெரியாது, அல்லது நீ என்னிடம் உண்மை சொல்லவில்லை, இரண்டில் எது என்று ஷெரில் கேட்டாள். மாட்டின் என் முகத்தைப் பார்த்தான்.

இவளுக்கு நான் எதைச் சொல்ல? எனக்குப் பதினேழு வயசில் எங்கள் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு நடந்தது. ஆமிக்காரன் என் நெஞ்சுக்கு நேரே துவக்கைப் பிடித்துக்கொண்டு வயசு கேட்டான். அம்மா கண் வெட்டாமல் பதினாலு என்றார். பக்கத்து வீட்டுப் பெடியனைத் தெரியுமா? தெரியாது. இயக்கத்தோடு தொடர்பு? இல்லை. கேட்டது எல்லாவற்றுக்கும் இல்லை. அன்றைக்குப் பிடித்த பெடியன்களில் ஒருவரும் திரும்பவில்லை, நான் வீட்டில் இருந்தேன். பைலோடு ஒரு ஆள் வந்து மகனைப்பற்றிக் கேட்டால் அந்த மனுசி வேறு என்ன சொல்லும்?

என் இங்கிலீஷில் ஏலுமானவரை சொல்லிப் பார்த்தேன். ஷெரில் கண் கலங்கக் கேட்டுவிட்டு, இங்கே உங்களை யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று சொல்லி, மனநல ஆலோசனைத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தந்தாள். கோதாரி. அம்மாவை நேரில் சந்திக்காமல் றிப்போட்டை முடிக்கேலாது என்றாள். றிப்போட் இல்லையென்றால் பிள்ளை இல்லை.

அம்மா இருக்கிறது சீனியர்ஸ் பில்டிங்கில், பன்னிரண்டாம் மாடியில். மாடிக்கு மாடி தமிழ் அன்ரிமார்.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்னைக் காப்பாத்தத்தான். வேற என்னத்துக்கு?"

"இது காப்பாத்திற விசயமில்லை. ஓம் எண்டு சொன்னாத்தான் பிள்ளை தருவினம்."

"போனில கதைச்சவள் எங்கட ஊர் இழுவையில கதைச்சவள். ஆற்றை மகளோ தெரியாது. அவளுக்குச் சொன்னா பின்னேரம் கீழ லொபி முழுக்கத் தெரியும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூடேலுமே?"

"எனக்காக ஒருக்காச் சொல்லுங்கோ அம்மா" என்று கெஞ்சினேன். நாற்பத்தாறு வயசில் தாயிடம் கெஞ்ச வெட்கமாகத்தான் இருந்தது.

வந்தார். ஷெரிலின் கந்தோரில் அம்மாவுக்குப் பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு பிள்ளை மொழிபெயர்க்க இருந்தாள். ஷெரில் கேட்டதை அவள் மரியாதையாகத் தமிழில் சொன்னாள். உங்கட மகனுக்கும் மாட்டினுக்கும் என்ன உறவு எண்டு கேக்கிறா, அம்மா. அம்மா அவளைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். மாட்டின் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா அந்தப் பிள்ளைக்கு முதுகைத் திருப்பி, ஷெரிலைப் பார்த்து இருந்தார். இங்கிலீஷ் வகுப்பில் படித்த இங்கிலீஷை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். "மை சன். மாட்டின். மரீட். ஐ நோ. குட் போய்ஸ். பிளீஸ், கிவ் பேபி." ஷெரில் விறுவிறென்று எழுதினாள். மொழிபெயர்க்கிற பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

திரும்பி வரும்போது மாட்டின் கார் ஓடினான். அம்மா பின் சீற்றில் இருந்து கேட்டார், "பிள்ளை தமிழ் கதைக்குமே?"

"பழக்கினாக் கதைக்கும்."

"என்னை என்னெண்டு கூப்பிடும்?"

"அப்பம்மா எண்டுதான். வேற என்னெண்டு?"

கண்ணாடியில் அம்மா சிரித்ததைக் கண்டேன். அந்தச் சிரிப்பை எவ்வளவு காலத்துக்குப் பிறகு பார்க்கிறேன். இரண்டு சிக்னல் தாண்டியபிறகு குனிந்து, மெல்லச் சொன்னார். "வீட்டுக்குள்ள அப்பிடிக் கூப்பிடட்டும். லொபியில ஆக்கள் நிப்பினம். அங்க மட்டும் அன்ரி எண்டு கூப்பிடப் பழக்கு, என்ன ராசா?"

என்ன சொன்னவ என்று மாட்டின் கேட்டான். சந்தோசமாய் இருக்கிறாவாம் என்றேன்.

அம்மாவுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் முகம் தெரியாத என் பிள்ளை, லிப்ற் கதவு எந்த மாடியில் திறக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அவரைக் கூப்பிடப் போகிறது.